பூவிலேயே பேசப்படும் விலை: கரீபியச் சிறுவர்களும் அமெரிக்க பேஸ்பால் அணிகளும்

2025 ஜனவரி 17 அன்று, ஜப்பானின் சிபா லோட்டே மரீன்ஸ் அணியில் ஆடிவந்த 23 வயதுப் பந்துவீச்சாளர் ரோகி சசாகி, அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் டாட்ஜர்ஸ் அணியில் சேரப்போவதாக அறிவித்தார். 2022 ஏப்ரலில் எதிரணியில் ஒருவரைக்கூட முதல் தளத்தைத் தொடவிடாமல், 19 முறை மட்டையாளரைத் தம் பந்துவீச்சாலேயே வெளியேற்றி (ஸ்டிரைக் அவுட்), ஓர் ஆட்டத்தை முழுதாக வீசி முடித்து உலகின் கவனத்தைப் பெற்றவர் அவர். கையெழுத்திடுவதற்காக டாட்ஜர்ஸ் அவருக்குக் கொடுத்த ஒப்பந்த போனஸ் 65 லட்சம் டாலர். அதற்கு ஓராண்டு முன்னர், 2023 டிசம்பரில், அதே ஜப்பானிய லீகிலிருந்து வந்த யோஷினோபு யமமோட்டோவுக்கு அதே அணி 12 ஆண்டுகளுக்கு 32.5 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டிருந்தது. இவ்வளவு பெரிய இடைவெளிக்குத் திறமை காரணம் இல்லை. அமெரிக்க பேஸ்பாலின் உச்ச நிலையான மேஜர் லீக் பேஸ்பால் விதிகளின்படி, வெளிநாட்டுத் தொழில்முறை லீகில் ஆறு பருவங்கள் ஆடி 25 வயதையும் எட்டியிருந்தால்தான் ஒரு வீரர் தம் விலையைத் தாமே பேசலாம். அதற்கு முன் வருபவர் எத்தனை ஆட்டங்களை வென்றிருந்தாலும் ‘சர்வதேச அமெச்சூர்’ என்ற வகையில்தான் அடங்குவார்.

அந்த வகைக்கென்று ஒவ்வோர் அணிக்கும் ஆண்டுதோறும் ஒரு தனி நிதி ஒதுக்கப்படுகிறது. 2025இல் அந்த நிதி, அணியைப் பொறுத்து, சுமார் 51 லட்சம் டாலரிலிருந்து 75 லட்சம் டாலர் வரை இருந்தது. டாட்ஜர்ஸின் பங்கு ஆகக் குறைந்தவற்றில் ஒன்று என்பதால், சசாகிக்குக் கொடுக்க வேண்டிய தொகையைச் சேர்க்க, தன் இளநிலை வீரர்களை வேறு அணிகளுக்குத் தந்து அவற்றின் நிதியில் ஒரு பகுதியை வாங்கியது. டொராண்டோ புளூ ஜேஸ் இன்னும் ஒரு படி மேலே போய், கிளீவ்லாண்ட் அணி சுமையாகக் கருதிய ஒரு வீரரின் சம்பளத்தை ஏற்றுக்கொண்டு அதற்கு ஈடாக 20 லட்சம் டாலர் நிதியைப் பெற்றது. அதே நாளில் சசாகி டாட்ஜர்ஸைத் தேர்ந்தெடுத்துவிட்டார். ஆனால் இதில் உண்மையில் இழந்தவர்கள் வேறு சிலர். டாட்ஜர்ஸின் அந்த நிதி முன்பே வேறு கணக்கில் பேசி முடிக்கப்பட்டிருந்த பணம். அதை நம்பி வாய்மொழி உடன்பாட்டில் இருந்த லத்தீன் அமெரிக்கச் சிறுவர்களில் சிலர், கையெழுத்துப் பருவம் தொடங்கும் வேளையில், வேறு அணிகளைத் தேட நேர்ந்தது.

அமெரிக்க பேஸ்பால் அணிகளுக்குள் ஓர் இளைஞர் நுழைய இரண்டு வாசல்கள் உள்ளன. அமெரிக்கா, கனடா, புவேர்ட்டோ ரிக்கோ ஆகிய இடங்களைச் சேர்ந்தவர்கள் ஆண்டுதோறும் நடக்கும் டிராஃப்ட் வழியாக வருகிறார்கள். பள்ளி முடித்த பிறகோ கல்லூரியில் சில ஆண்டுகள் படித்த பிறகோதான் அணிகள் அவர்களை வரிசைப்படி தேர்ந்தெடுக்க முடியும். மற்ற எல்லா நாட்டினருக்கும் டிராஃப்ட் இல்லை. அவர்கள் 16 வயது நிரம்பியதும் எந்த அணியுடனும் ஒப்பந்தம் செய்துகொள்ளலாம். 2008இல் இந்தியாவில் நடத்தப்பட்ட ஒரு பந்துவீச்சுப் போட்டியின் வழியே, உத்தரப் பிரதேசத்தைச் சேர்ந்த ரிங்கு சிங், தினேஷ் படேல் என்ற இரண்டு ஈட்டி எறியும் இளைஞர்களை பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணி ஒப்பந்தம் செய்ததும் இந்த இரண்டாம் வாசல் வழியாகத்தான். ஆனால் அத்தகைய விதிவிலக்குகளை ஒதுக்கிவிட்டால், இந்த வாசலில் நிற்பவர்களில் மிகப் பெரும்பாலோர் டொமினிக்கன் குடியரசையும் வெனிசுவேலாவையும் சேர்ந்தவர்கள். 2025 பருவத் தொடக்கத்தில் மேஜர் லீக் அணிகளில் இருந்த வெளிநாட்டில் பிறந்த 265 வீரர்களில் 100 பேர் டொமினிக்கர்கள், 63 பேர் வெனிசுவேலர்கள். டொமினிக்கன் குடியரசின் மக்கள்தொகை சுமார் 1.1 கோடிதான் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு அந்த எண்ணைப் பார்க்க வேண்டும்.

இரண்டு வாசல்களின் விலை வேறுபாட்டுக்கு ஒரே ஓர் ஒப்பீடு போதும். 2025 டிராஃப்டில் முதலிடத்தில் தேர்வாகும் ஒரே ஒரு வீரருக்காக நிர்ணயிக்கப்பட்ட போனஸ் மதிப்பு 1.1 கோடி டாலர். அதே ஆண்டில், மிக அதிக நிதி பெற்ற அணிக்குக்கூட உலகின் பிற நாடுகள் அனைத்திலிருந்தும் சிறுவர்களைச் சேர்க்க ஒதுக்கப்பட்ட தொகை இதைவிடக் குறைவு.

தொடக்கத்தில் அமெரிக்க அணிகள் தேடிப்போனது கியூபாவுக்குத்தான். வாஷிங்டன் செனட்டர்ஸ் அணிக்காக இளம் திறமைகளைத் தேடும் ஸ்கவுட் ஜோ காம்பிரியா அங்கே ஏராளமான இளைஞர்களைச் சொற்பத் தொகைக்கு ஒப்பந்தம் செய்து பெயர் பெற்றவர். புரட்சிக்குப் பின் 1961இல் தூதரக உறவு முறிந்து, 1962இல் முழு வர்த்தகத் தடையும் வந்ததும் அந்தக் கதவு மூடிக்கொண்டது. அதற்கு முன்பே, 1956இல், ஓஸி விர்ஜில் மேஜர் லீகில் ஆடிய முதல் டொமினிக்கராகியிருந்தார். கரும்பு ஆலைத் தொழிலாளர் குடியிருப்புகள் நிறைந்த சான் பெட்ரோ தே மக்கோரிஸ் போன்ற ஊர்களில் ஆட்டம் ஏற்கெனவே வேரூன்றியிருந்ததால், அணிகளின் கவனம் கியூபாவிலிருந்து பக்கத்துத் தீவுக்கு நகர்ந்தது. 1980களில் இது நிறுவன வடிவம் பெற்றது. 1985இல் டொமினிக்கன் கோடைக்கால லீக் தொடங்கியது. 1987இல் டாட்ஜர்ஸ், தன் ஸ்கவுட் ரால்ப் அவிலாவின் முயற்சியில், காம்போ லாஸ் பால்மாஸ் என்ற நிரந்தரப் பயிற்சி மையத்தைத் திறந்தது. தங்குமிடம், உணவு, ஆடுகளம், ஆங்கில வகுப்பு எல்லாம் ஓரிடத்தில் அமைந்த அந்த மாதிரியைப் பிற அணிகள் பின்பற்றின. இன்று 30 அணிகளுக்கும் அந்தத் தீவில் அகாடமி இருக்கிறது. வெனிசுவேலாவின் நிலைமை சீர்குலைந்து அங்கிருந்த கோடைக்கால லீக் 2015 பருவத்தோடு நின்றுபோன பிறகு, அந்நாட்டுச் சிறுவர்களும் டொமினிக்கன் அகாடமிகளுக்கே வருகிறார்கள்.

ஜப்பானும் இதே மண்ணில் கால் பதித்தது என்பது பலருக்குத் தெரியாத செய்தி. பெரும் பணம் இல்லாத ஹிரோஷிமா டோயோ கார்ப் அணி 1990இல் சான் பெட்ரோ தே மக்கோரிஸில் தன் அகாடமியை நிறுவியது. அங்கே உருவான அல்ஃபோன்சோ சோரியானோ, ஹிரோஷிமாவுடன் சம்பளத் தகராறு முற்றியதால் ஜப்பானிய லீகிலிருந்து ஓய்வு பெறுவதாக அறிவித்துவிட்டு 1998இல் நியூயார்க் யாங்கீஸில் சேர்ந்தார். இத்தகைய வெளியேற்றங்களைத் தடுக்கத்தான், வீரரை விடுவிக்கும் ஜப்பானிய அணிக்கு அமெரிக்க அணி கட்டணம் செலுத்தும் ஏற்பாடு அதே ஆண்டின் இறுதியில் உருவானது. சசாகி வந்ததும் அந்த ஏற்பாட்டின் வழியேதான்.

வயது வரம்புக்கு வருவோம். 1984இல் டொராண்டோ புளூ ஜேஸ் 13 வயது டொமினிக்கன் சிறுவன் ஒருவனை ஒப்பந்தம் செய்தது. அன்று அதைத் தடுக்க எந்த விதியும் இல்லை. எழுந்த எதிர்ப்புக்குப் பிறகே, ஒப்பந்தத்தின்போது 16 வயது நிரம்பியிருக்க வேண்டும், முதல் பருவத்தின் செப்டம்பர் 1க்குள் 17 வயது ஆகியிருக்க வேண்டும் என்ற விதி வந்தது. விதி வந்தும் மீறல் நிற்கவில்லை. ஏட்ரியன் பெல்ட்ரேயை டாட்ஜர்ஸ் 1994இல் 15 வயதிலேயே கையெழுத்திட வைத்தது பின்னர் வெளிவந்து, 1999இல் அந்த அணிக்கு அபராதமும் அந்நாட்டில் ஓராண்டுத் தடையும் விதிக்கப்பட்டன. பெல்ட்ரே 2024இல் பேஸ்பாலின் தலைசிறந்தவர்களுக்கான ஹால் ஆஃப் ஃபேமில் இடம்பெற்றார். அணியின் பார்வையிலிருந்து பார்த்தால் அந்தத் தண்டனை எவ்வளவு மலிவானது என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

அன்றைய போனஸ் தொகைகளை இன்று படித்தால் அச்சுப் பிழையோ என்று தோன்றும். பின்னாளில் பெரும் நட்சத்திரமான சாமி சோசாவுக்கு 1985இல் கிடைத்தது 3,500 டாலர். காம்போ லாஸ் பால்மாஸில் வளர்ந்த இன்னொரு நட்சத்திரம் பெட்ரோ மார்ட்டினெஸுக்கு 1988இல் 6,500 டாலர். கொலராடோ ராக்கீஸ் அணியின் நிர்வாகி ஒருவர் ஒரு காலத்தில் இந்தக் கணக்கை வெளிப்படையாகவே சொன்னார்: நான்கு அமெரிக்க இளைஞர்களுக்கு ஆளுக்கு 25,000 டாலர் கொடுப்பதற்குப் பதிலாக, அதே பணத்தில் 20 டொமினிக்கர்களை ஆளுக்கு 5,000 டாலருக்கு எடுத்துவிடலாம் என்பது அவர் கூற்றின் சாரம். இருபது பேரில் ஒருவர் தேறினாலும் அணிக்கு லாபம். மீதிப் பத்தொன்பது பேர் என்ன ஆனார்கள் என்பது அந்தக் கணக்கில் ஒரு பத்தியாக இடம்பெறுவதே இல்லை.

அணிக்கும் சிறுவனுக்கும் நடுவில் நிற்பவர் ‘புஸ்கோன்’ எனப்படும் உள்ளூர்ப் பயிற்சியாளர். பள்ளி அணிகளோ அரசுப் பயிற்சி மையங்களோ வலுவாக இல்லாத இடத்தில் அந்த வெற்றிடத்தை நிரப்பியவர்கள் இவர்கள்தான். பத்து, பதினோரு வயதில் சிறுவர்களைக் கண்டுபிடித்து, பலருக்குத் தங்க இடமும் சாப்பாடும் மட்டையும் கையுறையும் தந்து, நான்கைந்து ஆண்டுகள் பயிற்றுவித்து ஸ்கவுட்டுகள் முன் நிறுத்துகிறார்கள். அதற்கு ஈடாக போனஸில் 30 சதவீதமோ அதற்கு மேலோ எடுத்துக்கொள்கிறார்கள். இவர்களைச் சுரண்டல்காரர்கள் என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவது அமெரிக்கப் பத்திரிகைகளில் வழக்கம். ஊக்க மருந்து ஊசி போடுபவர்களும் பிறப்புச் சான்றிதழை மாற்றுபவர்களும் இவர்களிடையே இருந்திருக்கிறார்கள் என்பது உண்மை. ஆனால் வளர்ப்புச் செலவு முழுவதையும் இன்னொருவர் தலையில் ஏற்றிவிட்டு, விளைந்த பிறகு மட்டும் வாங்க வருபவர்கள் அணிகள். அந்தச் செலவைச் செய்பவர் பங்கு கேட்பதில் வியப்பில்லை. அவர்களிலும் கடன் வாங்கிப் பயிற்சிக் களம் நடத்துபவர்கள் உண்டு. சிறுவனின் கையெழுத்து தள்ளிப்போனால் அந்தக் கடனுக்கு வட்டி ஏறும்.

2000த்திற்குப் பின் தொகைகள் கடுமையாக ஏறின. 2008இல் ஓக்லாண்ட் அத்லெட்டிக்ஸ் 16 வயதுப் பந்துவீச்சாளர் மைக்கேல் யினோவாவுக்கு 42.5 லட்சம் டாலர் கொடுத்தது. காயங்களால் தேங்கிய அவர் கடைசியில் ஆடிய மேஜர் லீக் ஆட்டங்கள் 2016, 2017 பருவங்களில் வேறோர் அணிக்காக, அதுவும் மாற்றுப் பந்துவீச்சாளராக. பணம் பெருகியபோது மோசடியும் பெருகியது. வாஷிங்டன் நேஷனல்ஸ் 2006இல் 14 லட்சம் டாலர் கொடுத்து எடுத்த 16 வயதுச் சிறுவன் உண்மையில் வேறு பெயர் கொண்ட, நான்கு வயது மூத்த இளைஞன் என்பது 2009இல் வெளிவந்தது; அணியின் பொது மேலாளர் பதவி விலகினார். 16 வயதில் மணிக்கு 90 மைல் வேகத்தில் வீசுபவனுக்கும் 20 வயதில் அதே வேகத்தில் வீசுபவனுக்கும் சந்தையில் உள்ள விலை வேறுபாடு பல லட்சம் டாலர் என்றிருக்கும்போது, வயதே போலியாக்கத் தகுந்த பொருளாகிவிடுகிறது. அதன்பின் அடையாளச் சோதனைகள் இறுகின.

செலவுக்கு வரம்பு கட்டும் முயற்சி 2012இல் தொடங்கியது. முதலில் அது மென்மையான வரம்பு: தொகையைத் தாண்டலாம், தாண்டினால் வரி கட்ட வேண்டும். பாஸ்டன் ரெட் சாக்ஸ் 2015இல் கியூபாவிலிருந்து வெளியேறிய யோவான் மொன்காடாவுக்கு 3.15 கோடி டாலர் கொடுத்து, அதே அளவு தொகையை வரியாகவும் கட்டியது. இத்தகைய செலவைக் கண்ட பிறகு 2017இல் கடுமையான வரம்பு வந்தது. அதை எந்த அணியும் எந்த விலை கொடுத்தும் தாண்ட முடியாது. பிற அணிகளிடமிருந்து ஓரளவு நிதியை வாங்கிக்கொள்ளலாம், 10,000 டாலருக்கு மிகாத ஒப்பந்தங்கள் கணக்கில் வராது என்ற சலுகைகள் மட்டும் உண்டு. பணக்கார அணி, ஏழை அணி என்ற வேறுபாட்டைக் குறைப்பதே நோக்கம் என்று சொல்லப்பட்டது. அணிகளுக்கிடையே அது ஓரளவு நடந்தது. ஆனால் அந்த வரம்பு, பேரம் நடக்கும் வயதைக் கீழே தள்ளிவிட்டது. இன்றைய முறையின் மையக் கோளாறு அதுதான் என்பது என் கருத்து.

அது எப்படி நடந்தது என்பதைப் புரிந்துகொள்வது கடினமில்லை. அடுத்த ஆண்டும் அதற்கடுத்த ஆண்டும் தன்னிடம் எவ்வளவு நிதி இருக்கும் என்பது ஏறத்தாழ எல்லா அணிக்கும் முன்கூட்டியே தெரியும். அதிகப் பணம் காட்டிப் போட்டியாளரை வெல்ல முடியாது என்ற நிலையில், வெல்ல எஞ்சியிருக்கும் ஒரே வழி முந்திக்கொள்வது. ஓர் அணி 15 வயதில் பேசினால் இன்னொன்று 14இல் பேசும். இப்போது 12, 13 வயதிலேயே தொகை பேசி முடிக்கப்படுகிறது. மாமரம் பூ விட்டதுமே தோப்பைக் குத்தகை பேசுவது போன்ற பேரம் இது, ஒரு வேறுபாட்டோடு: குத்தகைக்காரர் முன்பணமாவது கொடுப்பார், இங்கே அதுவும் கிடையாது. இந்த உடன்பாடுகள் விதிப்படி செல்லாதவை. எழுத்தில் எதுவும் இருக்காது. பேச்சு முடிந்ததும் சிறுவனைப் பிற ஸ்கவுட்டுகளின் கண்ணில் படாமல் வைத்திருப்பது வழக்கம். இடையில் அவன் தோள்பட்டை காயப்பட்டாலோ, எதிர்பார்த்த உயரம் வளராவிட்டாலோ, அணியின் பொது மேலாளர் மாறிவிட்டாலோ, அணி தொகையைக் குறைக்கலாம், முழுதாகவே விலகலாம். அதற்குள் மற்ற அணிகளின் அந்த ஆண்டு நிதியும் பேசி முடிந்திருக்கும். அவன் முறையிட ஓரிடம் இல்லை, ஏனெனில் நடக்கவே கூடாத ஒன்றை நடந்ததாகச் சொல்லி யாரிடம் வழக்கிட முடியும்? டாட்ஜர்ஸை நம்பியிருந்த சிறுவர்களுக்கு 2025இல் நேர்ந்ததும் இதுவே. அவர்களில் ஒருவருக்கு பிட்ஸ்பர்க் நல்ல தொகை கொடுத்ததால் அந்தக் கதை சற்று இனிதாக முடிந்தது, எல்லோருக்கும் அப்படி அமைவதில்லை.

விதிமீறல் அம்பலமான மிகப் பெரிய நிகழ்வு அட்லாண்டா பிரேவ்ஸ் அணியுடையது. வேறு வீரர்களுக்குக் கொடுத்ததாகக் கணக்குக் காட்டி உண்மையான போனஸை மறைத்ததும், வயது எட்டாத சிறுவனுக்கு முன்கூட்டியே வாக்களித்ததும் விசாரணையில் உறுதியாயின. 2017 நவம்பரில் 13 இளம் வீரர்களின் ஒப்பந்தங்கள் ரத்து செய்யப்பட்டு அவர்கள் விடுவிக்கப்பட்டார்கள். பொது மேலாளர் ஜான் கொப்போலெல்லாவுக்கு வாழ்நாள் தடை விதிக்கப்பட்டு, 2023இல் அது நீக்கப்பட்டது. விடுவிக்கப்பட்டவர்களில் முதன்மையானவர் 2016இல் 42.5 லட்சம் டாலர் பெற்ற வெனிசுவேலச் சிறுவன் கெவின் மைதான். தம் நாட்டு நட்சத்திரம் மிகேல் காப்ரேராவுடன் ஒப்பிடப்பட்ட அவருக்கு லாஸ் ஏஞ்சல்ஸ் ஏஞ்சல்ஸ் அணி மேலும் 22 லட்சம் டாலர் கொடுத்தது. அவர் மேஜர் லீகை எட்டவே இல்லை.

மைதானின் கதையை அவருடைய குறையாகப் படிக்கக் கூடாது. 13, 14 வயது உடலைப் பார்த்து 23 வயது ஆட்டத்தைக் கணிக்க முடியும் என்ற நம்பிக்கைதான் ஆட்டம் காண்கிறது. ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸின் தேர்வு முகாமிலிருந்து, மிகவும் குள்ளம் என்று திருப்பியனுப்பப்பட்டு, மறுநாளும் வந்து நின்ற ஹோசே அல்துவே 2007இல் பெற்றது 15,000 டாலர். கிளீவ்லாண்டின் ஹோசே ராமிரெஸ் பெற்றது 50,000 டாலர். ஃப்ராம்பர் வால்டெஸ் 2015இல் ஒப்பந்தமானபோது அவருக்கு வயது 21, இந்தச் சந்தையில் முதியவர். தொகை 10,000 டாலர். மூவரும் பின்னர் மேஜர் லீகின் முன்னணி வீரர்களானார்கள். பெருந்தொகைக் கணிப்புகளும் சில நேரம் பலிக்கத்தான் செய்கின்றன: 2015இல் 15 லட்சம் டாலருக்கு நேஷனல்ஸில் சேர்ந்த ஹுவான் சோட்டோ, 2024 டிசம்பரில் நியூயார்க் மெட்ஸுடன் 15 ஆண்டுகளுக்கு 76.5 கோடி டாலர் ஒப்பந்தம் செய்தார். ஆனால் இந்தப் பெயர்களை அருகருகே வைத்துப் பார்க்கும்போது, போனஸின் அளவுக்கும் பின்னர் வந்த ஆட்டத்துக்கும் உள்ள உறவு எவ்வளவு தளர்வானது என்பது தெரிகிறது. அணிகளுக்கு இது நன்றாகவே தெரியும். அதனால்தான் சில பெரிய ஒப்பந்தங்களைச் சுற்றி 10,000 டாலர் ஒப்பந்தங்கள் பலவற்றைச் செய்துகொள்கின்றன.

கையெழுத்துக்குப் பின் வரும் கட்டம் பற்றி நீளமாகச் சொல்ல அதிகம் இல்லை. அது எல்லா அணியிலும் ஏறத்தாழ ஒன்றுதான். அகாடமியில் தங்கல், கோடைக்கால லீகில் ஓரிரு பருவங்கள், பிறகு ஃபுளோரிடாவிலோ அரிசோனாவிலோ உள்ள பயிற்சி வளாகம், அங்கிருந்து படிப்படியாக மேலே. பெரும்பாலானோர் இடையிலேயே விடுவிக்கப்படுகிறார்கள்; பள்ளியை 12, 13 வயதில் கைவிட்டவர்களுக்கு அதன்பின் திரும்பிச் செல்ல எளிய வழி இல்லை. 2023இல், மேஜர் லீகுக்குக் கீழ்நிலையில் உள்ள மைனர் லீக் வீரர்களுக்கு முதன்முறையாகத் தொழிற்சங்க ஒப்பந்தம் கிடைத்து, அமெரிக்கப் பயிற்சி வளாகத்தில் இருப்பவர்களின் ஆண்டுச் சம்பளம் 19,800 டாலராக உயர்ந்தபோதும், டொமினிக்கன் அகாடமிகளில் இருந்த சிறுவர்கள் அந்த ஒப்பந்தத்துக்கு வெளியே நின்றார்கள். கையில் காசில்லாத இந்த ஆண்டுகளைக் குறிவைத்து, இன்று ஒரு தொகை தந்து எதிர்கால வருமானத்தில் பங்கு எழுதி வாங்கும் நிறுவனங்களும் உள்ளன. மைனர் லீகில் இருந்தபோது அப்படி ஒப்பமிட்ட ஃபெர்னாண்டோ டாட்டிஸ் ஜூனியர், 2021இல் 34 கோடி டாலர் ஒப்பந்தம் பெற்றார். 2025இல் அந்தப் பங்கு ஒப்பந்தத்தை எதிர்த்து நீதிமன்றம் சென்றார்.

மாற்று வழியாக மேஜர் லீக் நிர்வாகம் நெடுங்காலமாக வலியுறுத்துவது சர்வதேச டிராஃப்ட். எந்த அணிக்கு எந்தச் சிறுவன் கிடைப்பான் என்பது முன்கூட்டித் தெரியாதபோது, 13 வயதில் யாரும் யாருக்கும் வாக்களிக்க முடியாது என்பது அதன் தர்க்கம். அந்த அளவில் தர்க்கம் சரியே. 2022இல் வீரர் சங்கத்துடன் இது பேசப்பட்டது. முதல் 600 இடங்களுக்கு மொத்தம் 19.1 கோடி டாலர் தர நிர்வாகம் முன்வந்தது, சங்கம் 26 கோடி டாலர் கேட்டது; ஜூலை 25 கெடுவோடு பேச்சு முறிந்தது. டேவிட் ஓர்டிஸ் உள்ளிட்ட டொமினிக்க நட்சத்திரங்கள் டிராஃப்டை எதிர்த்தார்கள். அவர்கள் சுட்டிக்காட்டுவது புவேர்ட்டோ ரிக்கோவை. 1990 முதல் அந்தத் தீவு டிராஃப்டுக்குள் கொண்டுவரப்பட்ட பிறகு, அங்கே இளைஞரை வளர்த்தெடுத்தாலும் அவர் தனக்கே கிடைப்பார் என்ற உறுதி அணிகளுக்கு இல்லாமல் போய், முதலீடு வற்றி, வீரர் வரத்தும் மெலிந்தது என்பது அவர்கள் வாதம். அந்தச் சரிவுக்கு டிராஃப்ட் ஒன்றே காரணமா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. எனினும் டிராஃப்ட் வந்தால் செலவு இன்னும் கணிக்கத்தக்கதாகும் என்பதில் நிர்வாகத்துக்கு இருக்கும் ஆர்வத்தைச் சிறுவர் நலன் மீதான அக்கறையாக மட்டும் எடுத்துக்கொள்ள நான் தயங்குகிறேன். சங்கத்தின் நிலையும் தூயதல்ல: இன்னும் ஒப்பந்தமாகாத 15 வயதுச் சிறுவன் அதன் உறுப்பினன் அல்ல, அவனுடைய போனஸ் பேச்சு மேசையில் உறுப்பினர்களின் வேறு கோரிக்கைகளோடு பண்டமாற்றாக வைக்கப்படுகிறது. 2022இல் டிராஃப்டோடு இணைத்துப் பேசப்பட்டது மூத்த வீரர்களின் அணிமாற்றத்தை நெருக்கும் ஒரு விதியை நீக்குவது பற்றித்தான்.

நிர்வாகத்துக்கும் வீரர் சங்கத்துக்கும் இடையிலான இப்போதைய கூட்டு ஒப்பந்தம் 2026 டிசம்பர் 1 அன்று முடிவடைகிறது; அடுத்த பேச்சில் டிராஃப்ட் மீண்டும் மேசைக்கு வரும் என்பதில் ஐயமில்லை. அப்போது உடன்பாடு எட்டப்பட்டாலும், 2027, 2028 ஜனவரிகளில் கையெழுத்திடலாம் என்ற வாய்மொழி உறுதியை நம்பி இன்று களத்தில் ஓடும் சிறுவர்களை என்ன செய்வது என்ற கேள்வி நிற்கும். விதிப்படி அந்த உறுதிகள் இல்லாதவை. அவற்றை மதிக்கும் இடைக்கால ஏற்பாடு ஒன்றை எழுத வேண்டுமானால், அணிகள் இத்தனை ஆண்டுகளாக மறுத்துவந்ததை முதலில் காகிதத்தில் ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கும்.